அரசுக்கு வெளியே என்றால் அரசுக்கு எதிரா?

செய்திகளில் 'ஆயுதக் குழு' என்றொரு சொல் அடிக்கடி வரும். இராணுவத்தைத் தவிர, துவக்குத் தூக்கின எல்லாரையும் அந்த ஒரு சொல்லுக்குள்ள போட்டு மூடிவிடலாம். அது எவ்வளவு விசயத்தை மறைக்குது எண்டு விளங்க, கொலம்பியாவின் வரலாற்றைப் பார்க்கலாம். அங்கே மூன்று வகைக் குழுக்கள் ஒரே காலத்தில் இயங்கின.

முதலாவது, கெரில்லா இயக்கம். 1964இல் மார்க்கெட்டாலியாவில் இருந்த கம்யூனிஸ்ட் விவசாயிகளின் தளத்தை இராணுவம் தாக்கியது. அதில் தப்பினவர்கள் தொடங்கியதுதான் ஃபார்க். காணிச் சீர்திருத்தம் கேட்டார்கள். அரசையே கைப்பற்ற நினைத்தார்கள். பிறகு ஆட்கடத்தலிலும் கொக்கா வரியிலும் காசு சேர்த்தார்கள்.

இரண்டாவது, போதைப்பொருள் கும்பல். பாப்லோ எஸ்கோபாரின் மெடலின் கும்பலுக்கு ஆட்சி தேவைப்படவில்லை, தங்களை அமெரிக்காவிடம் ஒப்படைக்காமல் விட்டால் போதும். அதற்காகவே குண்டு வைத்தார்கள். 1991இல் அந்த ஒப்படைப்புக்குத் தடை வந்த அதே நாளில் எஸ்கோபார் சரணடைந்தார்.

மூன்றாவதுதான் சிக்கல்: துணைப்படைகள். பொதுமக்களுக்கு ஆயுதம் கொடுக்க 1965இல் அரசே ஆணை பிறப்பித்தது. 1968இல் அது சட்டமானது. அந்த வழியில் பெரும் காணிக்காரரும் போதை முதலாளிமாரும் படை வளர்த்தார்கள். 1997இல் அந்தப் படைகள் ஏயூசி என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன. அதே வருடம் ஜூலையில் மாப்பிரிப்பான் என்ற ஊரில் மக்களைக் கொன்றவர்கள், நாட்டின் மறுகோடியில் இருந்து விமானத்தில் வந்து இறங்கினவர்கள். விமான நிலையத்தில் இராணுவம் அவர்களை மறிக்கவில்லை. இந்தப் படுகொலைக்குக் கொலம்பிய அரசும் பொறுப்பு என்று 2005இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்ப இவர்கள் உண்மையிலேயே அரசுக்கு வெளியே நிண்டவர்களா?

பெயர் மாறினால் நீதியும் மாறும். 2008 மே மாதத்தில் ஏயூசி தலைவர்கள் 14 பேரைக் கொலம்பியா அமெரிக்காவுக்கு அனுப்பியது, போதைக் கடத்தல் குற்றச்சாட்டில். படுகொலை பற்றி வாய் திறக்க வேண்டியவர்கள் வெறும் கடத்தல்காரராகப் போய்விட்டார்கள். பாதிக்கப்பட்ட சனம் அதை எதிர்த்ததில் நியாயம் இருந்தது.

2016 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு அமைந்த உண்மை ஆணைக்குழு, 2022இல் கணக்கைப் பிரித்துச் சொன்னது. 1985 முதல் 2018 வரையான கொலைகளில் சுமார் 45 வீதம் துணைப்படைகள் செய்தவை, 27 வீதம் கெரில்லாக்கள், 12 வீதம் அரச தரப்பு. கெரில்லாக்களின் குற்றம் சின்னதில்லை. ஆனால் எல்லாரையும் 'ஆயுதக் குழுக்கள்' என்று கூட்டிவிட்டால், அரசு வளர்த்துவிட்ட பங்கு கணக்கிலேயே வராது.

அதனால ஒரு குழுவைப் பற்றி வாசிக்கும்போது, அது யாரை எதிர்த்தது என்பதோட நிற்கக்கூடாது. ஆயுதம் எங்கால வந்தது, காசு யார் கொடுத்தது, யாரைக் கண்டு இராணுவம் பாதை விட்டது எண்டும் கேட்கவேணும்.