தங்கவயல் மேடும் ஆர்எக்ஸ் 100-ம்

1924-ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த பந்தயத்தைத்தான் மோட்டோகிராஸின் பிறப்பு என்பார்கள். அதற்கென்று தனி வண்டி கிடையாது. ரோட்டில் ஓடியதையே மண்ணில் விரட்டினார்கள். நம்மூரிலும் அதே கதை. 80களில் வெளிநாட்டு ரேஸ் வண்டி குதிரைக்கொம்பு. அதனால் 1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-ஐப் பிரித்து மேய்ந்தார்கள். 98 சிசி, 11 குதிரைசக்தி, அவ்வளவுதான். ஹெட்லைட், இண்டிகேட்டர் கழலும், சைலன்சர் மேலேறும், பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூடும், வேகம் குறைந்து இழுவை ஏறும், பட்டன் டயர் வரும்.

எங்கள் தங்கவயலில் மேட்டுக்குப் பஞ்சமா? பாறையை மாவாக அரைத்து, சயனைடில் தங்கத்தைப் பிரித்து, மிச்சத்தைக் கொட்டிய மலைகள். 2001-ல் சுரங்கம் மூடியபின் பெங்களூர்ப் பையன்கள் பைக்கோடு வர ஆரம்பித்தார்கள். அந்த மாவு சாதா ஏர் ஃபில்டருக்குள் நுழைந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் தேயும். எண்ணெயில் நனைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட வேண்டும். (காற்றடித்தால் அதே தூசி எங்கள் சனத்தின் நெஞ்சுக்குள் போகிறது. அதற்கு ஃபில்டர் இல்லை.)

ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-ல் நின்றது. பி.காமில் வண்டிக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதச் சொன்னார்கள். இதற்கோ விலை ஏறுகிறது! அதனால்தான் ஃப்ரேமை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. போல்ட்டில் கழட்டியதைத் திரும்ப மாட்டலாம், வெட்டியதை முடியாது. மாற்றுகிறவர்கள் மாற்றுங்கள் சார், கழட்டிய மட்கார்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் பரணில் வையுங்கள்.