கேஸட்டில் வந்த விண்வெளி

"கேம் விளையாடுறவன் உருப்பட மாட்டான்!" இந்தத் திட்டை வாங்காதவர் நம் பழைய மாணவர்களில் யாராவது உண்டா? மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. நண்பர்களே, இங்கிலாந்தில் 1980-களில் நடந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1982-ல் அங்கே சின்க்ளேர் கம்பெனி 'ஸ்பெக்ட்ரம்' என்ற வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. 16 கிலோபைட் மாடல் 125 பவுண்டு. படிப்புக்கு உதவும் என்று வாங்கிக் கொடுத்த பெற்றோர் பலர், பிள்ளைகளோ விளையாடினார்கள். ஆனால் ஸ்விட்சைப் போட்டதும் கேம் வந்துவிடாது, பேஸிக் மொழிதான் காத்திருக்கும். கேஸட்டைப் போட்டு, அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டபடி சில நிமிஷம் உட்கார வேண்டும். காசில்லாத பையன்கள் பத்திரிகையில் அச்சான புரோகிராமை வரி வரியாகத் தட்டினார்கள். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் ஓடாது. தப்பைத் தேடித் தேடியே புரோகிராமிங் கைவந்தது. திரை என்பதும் வீட்டு டி.வி.தான். அப்பா நியூஸ் பார்க்க வந்தால் ஆட்டம் குளோஸ்! 'அளவோடு விளையாடு' என்று தனியாக உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை.

1984-ல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலீட்' என்ற விண்வெளி விளையாட்டை எழுதினார்கள். பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். அதற்குள் 8 அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள்! இத்தனையையும் சேமிக்க இடமேது? ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணை வரவழைக்கும் சூத்திரத்தை வைத்து, தேவைப்பட்டபோது கிரகத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். நாம் மார்க்குக்காக மனப்பாடம் செய்த தொடர்வரிசைக் கணக்குதான் ஐயா அது.

பிறகு திறந்து பார்க்க முடியாத கேம் கன்ஸோல்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் இடத்தைப் பிடித்தன. 2000-களில் கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் படிக்க வந்த மாணவர்களுக்கு, முன்பு வந்தவர்கள் அளவுக்குப் புரோகிராம் எழுதிய பழக்கம் இல்லை என்பதை எபன் அப்டன் கவனித்தார். அவரும் பிபிசி மைக்ரோவில் வளர்ந்தவர். அந்தக் கவலையில் பிறந்ததுதான் 2012-ல் வந்த ராஸ்பெரி பை. அதற்கான அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் 'எலீட்' பிரேபனும் ஒருவர். ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு அந்தப் போர்டைக் கையில் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தப் பூர்வீகம் தெரியுமோ என்னவோ!

எங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. கடைசியில் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்று ஒப்பந்தம். விளையாடுவது நானும் அவனும் சேர்ந்து எழுதிய பாம்பு கேம். போன வாரம் என் பாம்பு மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக ஊர்கிறது என்று பார்த்தால், எனக்குத் தெரியாமல் ஒரு வரியை மாற்றி வைத்திருக்கிறான்.