தலைமைத் தூதர்: நீலமலையில் ஒரு பொருளும் மூன்று சொற்களும்

தூது தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் பிரிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தூதினைச் சுட்டும். திருவள்ளுவரோ 69ஆம் அதிகாரத்தை அதற்கென்றே வகுத்து, அன்பும் அறிவும் ஆராய்ந்த சொல்வன்மையும் தூதுரைப்பார்க்கு இன்றியமையாதன என்பார். எபிரேய மொழியின் ‘மலாக்’, கிரேக்க மொழியின் ‘அஞ்சலோஸ்’ ஆகிய இரண்டிற்கும் தூதர் என்பதே பொருள். ஆகவே, விவிலியம் தமிழுக்கு வந்தபோது விண்ணக ஏவலரைக் குறிக்கும் சொல் ஆயத்தமாகவே இருந்தது. அத்தூதருள் தலைமையானவரைக் குறிப்பதில்தான் வழிகள் பிரிந்தன.

‘தலைமைத் தூதர்’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகின்றது. தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தில் (4:16) பெயர் இல்லை; யூதாவின் திருமுகத்தில் (9) மிக்கேல் என்னும் பெயர் உண்டு. தானியேல் நூல் மிக்கேலை இசுரயேல் மக்களின் காவலராகவும், திருவெளிப்பாடு அரக்கப் பாம்பொடு பொருதவராகவும் காட்டும். கபிரியேல் தானியேலுக்குக் காட்சியை விளக்கி, செக்கரியாவுக்கும் மரியாவுக்கும் செய்தி உரைத்தவர். ஆயினும் விவிலியம் அவரைத் தலைமைத் தூதர் எனப் பெயரிட்டு அழைக்கவில்லை. இரபேல் தோபித்து நூலில் வழித்துணையாக வந்து, ஆண்டவர் திருமுன் நிற்கும் எழுவருள் தாம் ஒருவர் என்கிறார். அந்நூலைக் கத்தோலிக்கர் திருநூலாக ஏற்பர். சீர்திருத்தத் திருச்சபையினர் ஏற்பதில்லை.

சொல் சிலவாக, விளக்கம் பலவாயிற்று. பெரிய செய்தியை அறிவிப்போர் தலைமைத் தூதர் என்றும், தூதர் என்பது இயல்பின் பெயரன்று, பணியின் பெயரே என்றும் திருத்தந்தை முதலாம் கிரகோரியார் விளக்கினார். விவிலியத்தில் இல்லாத தூதர் பெயர்களைக் கூறி வேண்டுவதை 745ஆம் ஆண்டு உரோமையில் கூடிய சங்கம் தடுத்தது. 1969ஆம் ஆண்டின் நாட்காட்டித் திருத்தத்திற்குப் பின் மிக்கேல், கபிரியேல், இரபேல் மூவர்க்கும் செப்டம்பர் 29ஆம் நாளே கத்தோலிக்கரின் பொதுவிழாவாயிற்று.

இவ்வேறுபாடுகள் அனைத்தும் நீலமலையில் ஒருசேரக் குடியேறின. 1603இல் இயேசு சபைத் துறவி பெனிசியோ தோடர் வாழும் மேட்டுநிலத்திற்கு வந்து சென்றார். 1830இல் உதகையின் புனித ஸ்தேவான் ஆலயம் அருட்பொழிவு பெற்றது. அங்கு வழிபட்ட ஆங்கிலிக்கரின் 1662ஆம் ஆண்டு மன்றாட்டு நூலும் மிக்கேலுக்கு அதே செப்டம்பர் 29ஐயே குறித்திருந்தது. 1840களில் பாசல் சங்கத்தார் கேத்தியில் பணி தொடங்கினர். 1955இல் மைசூரிலிருந்து பிரிந்து உதகை மறைமாவட்டம் தோன்றியது.

இம்மலையின் தமிழ்க் கிறித்தவர் ஒரே தலைமைத் தூதரை வெவ்வேறு சொற்களால் அறிந்தனர். 1871இல் நிறைவுற்ற சீர்திருத்தச் சபையாரின் மொழிபெயர்ப்பு ‘பிரதான தூதன்’ என்றது. கத்தோலிக்க வழக்கில் ‘அதிதூதர்’ நிலைத்தது. பழைய செபங்களில் ஏனைய தூதர் ‘சம்மனசு’ எனப்பட்டனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘தலைமை வானதூதர்’ எனத் தனித்தமிழ் நோக்கி நகர்ந்தது.

‘அன்’ விகுதிக்கும் ‘அர்’ விகுதிக்கும் இடையே சமயக் கொள்கை ஒளிந்திருப்பதாகக் கருதத் தோன்றும். தூதரிடம் பரிந்துரை வேண்டுவது கத்தோலிக்க மரபு. அவரும் ஊழியரே, வேண்டுதல் கடவுளுக்கே உரியது என்பது சீர்திருத்த மரபு. எனினும், பழைய மொழிபெயர்ப்பு அப்போஸ்தலனையும் அரசனையும்கூட ‘அன்’ விகுதியாலேயே சுட்டுகின்றது. ஆதலின் அதனை மதிப்புக் குறைவெனக் கொள்ளுதல் பொருந்தாது. அஃது அக்கால உரைநடையின் இயல்பு. விகுதியைக் கொண்டு ஒரு சபையின் பத்தியை அளப்பது, ஒரே தேயிலைத் தோட்டத்து மக்களை வீணே இரு கூறாக்கும்.

மிக்கேல் என்பதற்குக் ‘கடவுளுக்கு நிகர் யார்?’ என்றும், இரபேல் என்பதற்குக் ‘கடவுள் நலமளிக்கிறார்’ என்றும் பொருள். மூவர் பெயரின் ஈற்றிலும் நிற்கும் ‘ஏல்’ கடவுளையே குறிக்கும். வீரமாமுனிவரின் தேம்பாவணிக் காப்பியத் தலைவராகிய சூசையப்பருக்கு, மத்தேயு நற்செய்தியில், கனவில் செய்தி கொணர்ந்த தூதருக்கோ பெயரே இல்லை. பெயர் இருப்பினும் இல்லாதொழியினும், தூதர் தம்மைச் சுட்டாது அனுப்பியவரையே சுட்டுகின்றார். சொல்லைத் தொழிலாகக் கொண்ட புலவர்க்கும் இது பொருந்தும்.