நெய்வேலித் தொடக்கப் பள்ளிகள்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் தொடக்கக் கல்வியின் வரலாறு சுரங்கத்தோடு பின்னிப் பிணைந்தது. 1935இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுத் தண்ணீரோடு பழுப்பு நிலக்கரியின் கரிய துகள்களும் வெளிப்பட்டது ஊரறிந்த செய்தி. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கிராமங்கள் நிலம் கொடுத்து விலகின. அந்த மண்ணில் வட்டங்கள் எனப்படும் பிரிவுகளாகக் குடியிருப்புகள் எழுந்தன. வேலை தேடி வெளியூர்களிலிருந்து வந்த குடும்பங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அடுத்த கவலை, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதுதான். நிறுவனமே கல்வித் துறை அமைத்துப் பள்ளிகளை நடத்தலாயிற்று.

நெய்வேலி நிறுவனம் பதிவான அதே 1956இல், எட்டயபுரத்தில் காமராஜர் பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முன்னோடி சென்னையில் உண்டு: 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியபோது ஊர் மக்களே தங்கள் பள்ளிக்குப் பொருள் தந்தார்கள். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு இந்தப் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்துக்கு உயிராக இருந்தார். தமிழகத் தொடக்கப் பள்ளி எழுத்தோடு வயிற்றையும் கவனிக்கும் இடமானது ஐம்பதுகளில்தான். ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

1982இல் எம்.ஜி.ஆர். மதிய உணவுத் திட்டத்தைச் சத்துணவாக விரிவாக்கியபோது ஜூலையில் கிராமங்கள், செப்டம்பரில் நகரங்கள் என அது பரவியது. முட்டை 1989இல் சேர்ந்தது.

நெய்வேலி நகரியத்தைச் சுற்றி, குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம் ஒன்றியங்களில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் அதிகம் வாழும் பகுதி இது. பாடநூல், சீருடை, காலணி ஆகியவற்றுக்கு இங்கே பெற்றோர் காசு தேட வேண்டியதில்லை. ஆனாலும் விடியற்காலை ஷிப்டுக்கோ வயலுக்கோ கிளம்பும் வீட்டில் காலைச் சாப்பாடு அடிக்கடி தவறிப்போகும். வெறும் வயிற்றுப் பிள்ளைக்கு முதல் பாடவேளையில் எதுவும் ஏறாது என்பதை ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை உப்புமா, கிச்சடி, புதன்கிழமையென்றால் வெண்பொங்கலும் காய்கறிச் சாம்பாரும். சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். தன் பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் தாய்க்கே அந்த வேலையில் முன்னுரிமை.