குண்டு கிராமமும் பொது நோக்கமும்

கடலூரிலிருந்து தாழங்குடா பக்கம் போனால் குண்டு உப்பலவாடி வரும். நகருக்குள்ளேயே குண்டு சாலை இருக்கிறது. பழந்தமிழில் குண்டு என்றால் ஆழம். சாலை குண்டும் குழியுமாய்க் கிடக்கிறது என்று திட்டும்போது அந்தப் பழைய பொருள்தான் நம் வாயில் வருகிறது. கடலோரத் தாழ்நிலம் ஆயிற்றே, பள்ளத்தால் வந்த பெயர் என்று அகராதியை மட்டும் நம்புகிறவர் எழுதிவிடக்கூடும். இந்தக் குண்டோ பீரங்கியிலிருந்து வந்தது.

1690ஆம் ஆண்டு. செஞ்சியை முகலாயப் படை நெருக்குகிறது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் மராத்தியர் வசமிருந்த கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விலைபோகிறது. சென்னையில் அப்போது கவர்னர் எலிகு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம்? அங்கிருந்து சுடும் குண்டு எட்டும் தூரம் வரை, எல்லாத் திசையிலும் என்று பேச்சு. கம்பெனி நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பியது. குண்டை அதிக தூரம் போகவைப்பது சுடுகிறவன் சாமர்த்தியம் என்று கடிதத்திலேயே ஜாடை காட்டினார்கள். செப்டம்பரில் சுட்டார்கள். கடலூர் நகரமே எல்லைக்குள் வந்துவிட்டது. உள்ளே சிக்கிய ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ ஆயின.

விற்றவருக்குச் சம்மதம், வாங்கியவருக்கும் சம்மதம். பெண்ணைக் கேட்காமலே இரு வீட்டாரும் தட்டு மாற்றிக்கொண்ட நிச்சயதாம்பூலம்தான் இது. வயலில் நின்றவரை ஒருவரும் கேட்கவில்லை.

தெற்கே சிதம்பரத்துக்கு வேறொரு சொல் உண்டு: பொது. கூத்தன் ஆடும் அம்பலத்துக்குச் சைவ இலக்கியம் வழங்கும் பெயர்களில் அதுவும் ஒன்று. ஊரார் கூடும் மன்றத்தைச் சங்க நூல்கள் பொதியில் என்கின்றன. பொதுவும் இல்லும் சேர்ந்த சொல். நாலு பேர் அறியப் பேசி முடிப்பது அதற்குள்ளேயே இருக்கிறது. நடராசர் கோயிலை நிர்வகிப்பவர்களும் பொது தீட்சிதர்கள்தாம்.

இந்தப் ‘பொது’ இப்போது அதிகம் புழங்குவது கோயிலில் அல்ல, நில எடுப்பு அறிவிக்கையில். ‘பொது நோக்கம்’ என்று ஒரு வரி இருந்தால் போதும். 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தனியார் நிறுவனத்துக்கு நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அரசும் தனியாரும் கூட்டு என்றால் 70. அரசு தனக்கோ தன் பொதுத்துறை நிறுவனத்துக்கோ எடுத்தால் சம்மதமே தேவையில்லை. பொது என்ற பெயர் வந்ததும் பொதுவில் கேட்கும் கடமை விட்டுப்போகிறது. சொல்லுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நெய்வேலி நிலக்கரிப் பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி.யின் பொக்லைன்கள் பச்சை நெற்பயிருக்குள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்தது, இழப்பீடும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். பயிருக்கு ஏக்கருக்கு ரூ.40,000 கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பணம் எவ்வளவு என்று நீதிமன்றத்தில் கேட்க முடிந்தது. தர மாட்டேன் என்று சொல்ல 1690இலும் இடமில்லை, 2023இலும் இல்லை.