வெடிப்பஞ்சும் கார் பளபளப்பும்

நாகமலை புதுக்கோட்டையில் இப்போது தெருவுக்குப் பத்துக் கார். காலையில் பால் வாங்கப் போகும்போது பார்த்தால், வீட்டுக்கு வீடு உலர்ந்த துணியால் காரைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அதே காரை உச்சி வெயிலில் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். "இதைப் போக்க வீட்டிலேயே என்ன சார் செய்யலாம்?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டார். அதற்குப் பதில் சொல்ல, கார் பெயிண்டின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆரம்ப காலக் கார்களுக்கு எண்ணெய் வார்னிஷைத்தான் பிரஷ்ஷால் பூசினார்கள். பல பூச்சுகள். எல்லாம் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். இந்தத் தாமதத்தைத் தீர்த்தது, நம்ப மாட்டீர்கள், வெடிமருந்து!

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்தக் கதையில் எனக்குத் தனி ஈடுபாடு. 1830-களில் நான்சி நகரத்தில் பிராகொனோ என்பவர் மாவுப்பொருளையும் மரநாரையும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். பின்னால் அதே வழியில் பஞ்சிலிருந்து வெடிப்பஞ்சு, அதாவது நைட்ரோசெல்லுலோஸ், பிறந்தது. 1884-இல் பால் வியேய் அதைக் கொண்டு புகையில்லாத வெடிமருந்து செய்தார். நம் நீலகிரியில், அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை இருக்கிறதே, அங்கே தயாரான வெடிமருந்துக்கும் வெடிப்பஞ்சுதான் ஆதாரம்.

முதல் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து இதே நைட்ரோசெல்லுலோஸை லாக்கர் பெயிண்டாக மாற்றி 1923-இல் 'டூக்கோ' என்று பெயர் வைத்தது. 1924 மாடல் ஓக்லண்ட் கார் அதில் நீல நிறம் பூண்டு வந்தது. வாரக்கணக்கு வேலை மணிக்கணக்கில் முடிந்தது. நம் பட்டறைகளிலும் 'டூக்கோ அடிப்பது' என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

இந்த லாக்கர் காய்ந்ததும் மங்கலாகத்தான் இருக்கும். ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். தேய்ப்பது என்பது பெயிண்ட் வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1957 முதல் வந்த அம்பாசிடர், சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இவற்றையெல்லாம் தேய்த்துத் தேய்த்தே மினுக்கினார்கள். நான் வேலை பார்த்த ஆபீஸில், மந்திரி வருகிறார் என்றால் டிரைவர் முதல் நாளே உட்கார்ந்துவிடுவார். துணியில் காரின் நிறம் ஏறும். கீறலும் மறையும். நிறமே மேல்பூச்சாக இருந்ததால், ஓரங்களில் பிரைமர் எட்டிப் பார்க்கும்வரை கவலையில்லை.

இன்றைய கார் அப்படியல்ல. நிறத்துக்கு மேல் 'கிளியர் கோட்' என்ற நிறமற்ற பூச்சு. அதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது அதுதான். வட்டக் கீறல்கள் இந்தப் பூச்சில்தான் விழுகின்றன. பாலிஷ் கீறலை அடைப்பதில்லை. சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் கீறலின் ஆழத்துக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகிறது, போனது திரும்பாது. பழைய டிரைவர் செய்த மாதிரி இதில் வருஷா வருஷம் காம்பவுண்டு போட்டால், மதுரை வெயிலுக்கு மேல்பூச்சு உரிந்துவிடும்.

எனவே தம்பியிடம் சொன்னது இதுதான். முதலில் தினசரித் துடைப்பை நிறுத்துங்கள். நம் ஊர்ப் புழுதியில் இருக்கும் பொடிமணல் இரும்பையே கீறும். உலர்ந்த துணியோடு சேர்ந்தால் அது உப்புத்தாள்தான். தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்கிவிட்டு, ஒரு வாளியில் ஷாம்பூ, துணி அலச இன்னொரு வாளி வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். பிறகும் கீறல் உறுத்தினால், நிழலில், கை பொறுக்கும் சூட்டில், மிக நைசான பாலிஷை மெத்தென்ற பஞ்சில் தொட்டு, பானட்டில் ஒரு சாண் இடத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். முக்கால்வாசி மறைந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். நகம் தட்டும் கீறலைத் தொடாதீர்கள், அது பட்டறை வேலை. கடைசியில் ஒரு பூச்சு வேக்ஸ். அவ்வளவுதான்.