தோலில் வடித்த பெட்ரோல்

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி, கராச்சியின் டிரிக் ரோடு தளத்திலிருந்து 25 கிலோ தபால் பையோடு ‘புஸ் மாத்’ என்னும் சிறு விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு பம்பாய்க்குப் புறப்பட்ட ஜே. ஆர். டி. டாட்டா, வழியில் ஆமதாபாத்தில் இறங்கியபோது, அவருக்கு வேண்டிய பெட்ரோலைப் பர்மா ஷெல் கம்பெனியார் நான்கு காலன் தகரங்களில் அடைத்து மாட்டு வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது, நம் நாட்டு விமானப் போக்குவரத்தின் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்தவர்கள் எவரும் விடாமல் சொல்லும் செய்தி. பம்பாயை அடைந்த தபாலை அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஆகாய யானத்துக்கு மாடு ஆகாரம் இழுத்த விசித்திரத்தில் மயங்கி எல்லோரும் வண்டியையே பார்க்கிறார்கள். எனக்கோ அந்தத் தகரத்தின் மேல்தான் கண். காலன் என்ற அளவின் பெயரைத் தமிழில் எழுதும்போது யமனுடைய பெயரும் கூடவே வந்து நிற்பதை எப்படித் தவிர்ப்பது என்று தெரியவில்லை. இந்த விஷயத்தில் தவிர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

தகரத்துக்குள் பெட்ரோல் மட்டும் இருந்ததில்லை. பகலில் வெந்து இரவில் குளிர்ந்த பாத்திரத்தின் உட்சுவரில் காற்றின் ஈரம் துளித்துளியாகப் படிந்து, பெட்ரோலைவிடக் கனமான காரணத்தால் அடியில் போய்த் தங்கும். துருவும் தூசியும் அதற்குத் துணை. தரையில் ஓடும் மோட்டார் வண்டி இந்தத் தண்ணீரைக் குடித்து இருமி நின்றுவிட்டால், ஓட்டுபவர் இறங்கி மூடியைத் திறந்து திட்டிக்கொண்டே துடைத்துவிட்டுப் போகலாம். ஆயிரம் அடி உயரத்தில் இறங்கித் துடைக்க இடம் ஏது? ஆகையால் பதனிட்ட மெல்லிய ‘ஷாமி’ தோலைப் புனலில் விரித்து, தகரத்திலிருந்து சரியும் பெட்ரோலை அதன் வழியே வடித்துத் தொட்டியில் விடும் வழக்கம் எல்லா தேசத்து விமானிகளிடமும் பரவிற்று. முதலில் பெட்ரோலில் நனைந்துவிட்ட அந்தத் தோல், அதன்பின் பெட்ரோலைத் தாராளமாக விடும். தண்ணீரை மேலேயே தடுத்து நிறுத்தும்.

ஆனால் தண்ணீரைத் தடுக்க வந்த தோலே நெருப்பை அழைத்து வந்தது. மின்சாரத்தைக் கடத்தாத ஒரு திரவம், மின்சாரத்தைக் கடத்தாத ஒரு தோலின் நுண்துளைகளை உராய்ந்து செல்லும்போது, திரவத்தில் ஒருவகை மின்னேற்றமும் தோலில் அதற்கு எதிரான மின்னேற்றமும் சேர்கின்றன. போக வழியின்றிச் சேர்ந்த மின்சாரம், புனலுக்கும் தொட்டி வாய்க்கும் இடையிலுள்ள விரற்கடை தூரத்தைத் தீப்பொறியாகத் தாண்டும். சுற்றிலும் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்க, அந்தப் பொறி போதும். தகரமும் புனலும் விமானமும் ஒன்றையொன்று உலோகத்தால் தொட்டபடி இருக்க வேண்டும் என்ற விதி இப்படித்தான் பிறந்தது. இன்று எந்த விமான நிலையத்திலும் எண்ணெய் லாரியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து விமானத்தின் உடலில் கவ்வி மாட்டிவிட்டுத்தான் ஊழியர் குழாயைத் தொடுகிறார். வேலை முடிந்த பின்னும் குழாயைக் கழற்றிய பிறகே கம்பியைக் கழற்றுகிறார். முதலில் மாட்டி முடிவில் எடுக்கும் அந்தக் கம்பிக்குப் பூர்வீகம் அந்தப் பழைய புனல்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜெட் விமானம் பரவலாயிற்று. பெட்ரோலின் இடத்தில் மண்ணெண்ணெய் ஜாதியைச் சேர்ந்த எரிபொருள் வந்தது. பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். ஜெட் எரிபொருளோ 38 பாகை செல்ஷியஸுக்கு மேல் சூடேறினாலன்றி அப்படிச் செய்வதில்லை என்று உத்தரவாதம் பெற்றது. பலரும் ஆறுதல் பெருமூச்சு விட்டிருப்பார்கள். சித்திரை மாதத்துப் பிற்பகலில் மீனம்பாக்கத்துக் கான்கிரீட்டின் மேல் வெறுங்காலோடு நின்று பார்த்தவருக்கு மட்டும் இந்த 38 பாகை பெரிய அரணாகத் தோன்றாது.

எண்ணெய் சாதுவாயிற்று, அதன் வேகமோ அசுரத்தனமாக வளர்ந்தது. தகரத்தால் ஊற்றிய காலம் போய், நிமிஷத்துக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேலாகக் குழாய் வழியே பாயும் காலம் வந்தது. தோலின் ஸ்தானத்தில் மடித்த காகிதமும் கண்ணாடி நாரும் அடைத்த பெரிய வடிகட்டிகள் வந்தன. அவை தண்ணீரின் நுண்திவலைகளைத் திரட்டிப் பிரித்துவிடுவதில் தோலைவிடப் பன்மடங்கு சமர்த்தானவை. மின்னேற்றம் உண்டாக்குவதிலும் அப்படியே. மேலும், எண்ணெய் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு மோசமான மின்கடத்தி. ஆகவே ஏறிய மின்சாரம் இறங்க நேரமாகிறது. இங்கேதான் பிணைப்புக் கம்பியின் சக்திக்கு ஓர் எல்லை தெரிந்தது. லாரிக்கும் விமானத்துக்கும் இடையே பொறி பாயாதபடி கம்பி காக்கும். எண்ணெயே சுமந்துகொண்டு தொட்டிக்குள் போகும் மின்னேற்றத்தை அது என்ன செய்ய முடியும்? மூடிய இறக்கைக்குள், எண்ணெயின் மேற்பரப்பிலிருந்து தொட்டியின் உலோக முனைக்குப் பொறி பாய்ந்தால், வெளியே மாட்டிய கம்பி சாட்சியாக நிற்கும், அவ்வளவுதான்.

இந்தப் புதிரைப் பொறுமையோடு ஆராய்ந்தவர்களுள் ஷெல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களான கிளிங்கன்பெர்க், வான் டெர் மின்னே இருவரையும் மறக்கலாகாது. பெட்ரோலியத் தொழிலில் நிலைமின்சாரம் பற்றி அவர்கள் 1958இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு ஆதார நூலாயிற்று. அதன்பின் பரவிய பரிகாரம் விந்தையானது: அரும்பாடுபட்டுச் சுத்தம் செய்த எண்ணெயில், அது சற்றே மின்சாரத்தைக் கடத்தும்படி, இம்மியளவு ஒரு மருந்தை வேண்டுமென்றே கலப்பது. அதனோடு, வடிகட்டியைத் தாண்டிய எண்ணெய் தொட்டியை அடையுமுன் மின்னேற்றம் தணிய அரை நிமிஷ அவகாசம் தர வேண்டும் என்ற வழக்கமும் சேர்ந்தது.

மற்ற நியமங்கள் பார்த்த மாத்திரத்தில் விளங்குபவை. லாரி பின்வாங்காமல் நேரே ஓடிப்போகும்படி நிறுத்தப்பட வேண்டும். ஊழியரின் கைப்பிடி தளர்ந்தால் எண்ணெய் தானே நின்றுவிட வேண்டும். இறக்கையின் ஆவித்துவாரத்தை ஒட்டி எந்த வண்டியும் நிற்கலாகாது. மின்னல் நெருங்கினால் வேலையை விட வேண்டும். இவற்றுள் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது ஒன்றுதான்: உட்கார்ந்தவுடன் இருக்கைப் பட்டையைக் கட்டுங்கள் என்று ஓயாமல் வேண்டும் பணிப்பெண்கள், எண்ணெய் ஏறும் நேரத்தில் மட்டும் கட்டாதீர்கள் என்கிறார்கள். ஓட வேண்டி வந்தால் ஓட வேண்டுமல்லவா?

தண்ணீரை வடிக்கலாம், தூசியை வடிக்கலாம். தவறான எண்ணெயை எந்த வடிகட்டி தடுக்கும்? 1978இல் கலிபோர்னியாவில், சாகச விமானி பாப் ஹூவரின் பெட்ரோல் விமானத்தில் ஜெட் எரிபொருள் நிரப்பப்பட்டது. கிளம்பிய சிறிது நேரத்தில் இரண்டு இயந்திரங்களும் சோர்ந்தன. தம் திறமையால் விமானத்தை இறக்கி உயிர் தப்பிய ஹூவர், தவறிழைத்த இளைஞனையே மறுநாள் தம் மற்றொரு விமானத்துக்கு எண்ணெய் நிரப்பச் சொன்னார் என்பது அமெரிக்க விமானிகள் பெருமையோடு சொல்லும் கதை. பெருந்தன்மையோடு அவர் நிற்கவில்லை. ஜெட் எண்ணெய்க் குழாயின் மூக்கு, பெட்ரோல் விமானத் தொட்டியின் வாய்க்குள் நுழையவே முடியாதபடி அகன்று தட்டையாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த மூக்குக்கு அவர் பெயரே வழங்குகிறது.

மீண்டும் வடிகட்டிக்கு வருவோம். பிற்காலத்தில் விமானத்துக்கு அருகே கடைசிக் காவலாக ஒருவகை வடிகட்டி வைக்கப்பட்டது. அதனுள் இருந்தது, குழந்தைகளின் அணையாடையில் ஈரத்தை உறிஞ்சும் பொருளின் இனத்தைச் சேர்ந்த பொடி; தண்ணீர் பட்டால் பொடி ஊதிப் பருத்து வழியையே அடைத்துவிடும். தோல் செய்த காரியத்தின் பூரணமான வடிவம் என்றே இதைச் சொல்லலாம். ஆனால் இந்தோனேசியாவின் சுரபாயாவில் நிலத்தடிக் குழாய்களை விஸ்தரித்த வேலையின்போது உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தது. உப்பு நீரில் அந்தப் பொடி செம்மையாக வேலை செய்யாது. நுண்ணிய உருண்டைகளாகக் கழன்று எண்ணெயோடு சென்றது. 2010 ஏப்ரல் 13ஆம் தேதி அங்கிருந்து ஹாங்காங்குக்குப் புறப்பட்ட கத்தே பசிபிக் விமானத்தில் 322 பேர் இருந்தார்கள். இயந்திரங்களுக்கு எண்ணெயை அளந்துவிடும் நுண்பாகங்களில் அந்த உருண்டைகள் சிக்கிக்கொள்ள, ஓர் இயந்திரம் வேகம் குறைய மறுத்தது, மற்றொன்று வேகம் கூட மறுத்தது. மணிக்கு 420 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விமானத்தைத் தரையிறக்கி விமானிகள் எல்லோரையும் காப்பாற்றினார்கள். தண்ணீரைப் பிடிக்க வைத்த காவலாளே தண்ணீரைவிடக் கொடியவனான இந்தச் சம்பவத்துக்குப் பின், அவ்வகை வடிகட்டிகளைப் படிப்படியாக விலக்கிவிட எண்ணெய்த் தொழிலின் அமைப்புகள் தீர்மானித்தன.

அவற்றின் இடத்தில் ஈரத்தை அளக்கும் மின்னணுச் சாதனங்கள் வருகின்றன. இருந்தும், எண்ணெய் நிரப்பும் ஊழியர் கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் எண்ணெயைப் பிடித்து, சுழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் வழக்கம் நிற்கவில்லை. பிறகு ஒரு பீச்சாங்குழலின் முனையில் மஞ்சள் நிறத் தாள் வட்டு அடைத்த சிறு வில்லையைப் பொருத்தி, சிறிதளவு எண்ணெயை அதன் வழியே உறிஞ்சுகிறார். வட்டு மஞ்சளாகவே இருந்தால் தாளில் ஒரு குறி போட்டுக் கையெழுத்திடுகிறார். பச்சை தட்டினால் குழாயை நிறுத்திவிட்டு மேலதிகாரியைக் கூப்பிடுகிறார்.